வெலிங்டன் கோமகனின் போர்நோக்கும் ஆட்சிநோக்கும்

இன்று செபராங் பிறை என வழங்கும் நிலப்பகுதி, நம் மூத்த தலைமுறையினர் நாவில் நெடுங்காலம் வெல்லெஸ்லி மாகாணமாகவே நிலைத்திருந்தது. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகனின் இயற்பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி என்பதனை அறிந்த மாணவர், மாகாணத்தின் பெயரையும் அவரோடு இணைத்துக்கொள்வதுண்டு. உண்மை சற்றே வேறு. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற அந்நிலம், அப்போது இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லியின் பெயரைத் தாங்கியது. ஆர்தர் அவருடைய தம்பி. ஆயினும், தம்பியும் இம்மண்ணை மிதித்தவரே. 1797இல் மணிலாவின்மீது படையெடுக்கும் நோக்கத்துடன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட படையில், 28 வயதுக் கர்னலாக அவர் பினாங்கு வந்திறங்கினார். அப்படையெடுப்பு இடையிலேயே கைவிடப்பட்டது. காத்திருந்த நாள்களில் அவர் பினாங்குத் தீவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார். போர் நிகழாத இடத்திலும் நிலத்தை அளந்தறிய முற்பட்ட அப்பழக்கம், அவரை விளங்கிக்கொள்ள நமக்கு நல்லதொரு தொடக்கமாகும்.

வெலிங்டனைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அவரை இருவேறு மனிதராகப் பிரித்துக் காட்டும். ஒருவர் தோல்வியறியாத் தளபதி. மற்றவர் காலத்தின் போக்கை உணராமல் சீர்திருத்தத்தை எதிர்த்த பிரதமர். முன்னவரைப் போற்றிப் பின்னவரைப் பொறுத்துக்கொள்வது மரபாகிவிட்டது. நாம் அவ்வாறு கருதவில்லை. போர்க்களத்தில் அவரை உயர்த்திய அதே நோக்குதான் அரசவையில் சில வேளை அவரை உயர்த்தியது, சில வேளை வீழ்த்தியது என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட முற்படுவது. அந்நோக்கின் நடுவில் நிற்பது தாக்குதலன்று, பின்வாங்கல். எப்போது பின்வாங்க வேண்டும் என்பதையும், எவ்வாறு ஒழுங்கு குலையாமல் பின்வாங்க வேண்டும் என்பதையும் அவரளவு ஆழ்ந்து எண்ணிய ஐரோப்பியத் தளபதிகள் அக்காலத்தில் மிகச் சிலரே.

இதனை அவர் கற்றது வெற்றியிலிருந்து அன்று. 1769இல் டப்ளினில், அயர்லாந்தில் குடியேறிய புரோட்டஸ்டண்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளியில் மங்கலான மாணவர். வயலின் வாசிப்பதில் மட்டும் ஆர்வம் உடையவர். 1793இல் அந்த வயலினைத் தம் கையாலேயே எரித்துவிட்டுப் படைத்தொழிலில் முழுமையாக இறங்கினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்துப் பகுதியில் பிரெஞ்சுப் புரட்சிப்படையிடம் பிரிட்டானியர் தோற்றுப் பனியில் பின்வாங்கிய கொடுமையை நேரில் கண்டார். உணவில்லை, வண்டியில்லை, கட்டளையிட வேண்டிய தலைமையகம் எங்கிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. எதைச் செய்யக்கூடாது என்பதை அங்கே கற்றேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

இரண்டாவது பாடம் சீரங்கப்பட்டணத்தின் வாயிலில் கிடைத்தது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக வேலூரில் திரண்ட கம்பெனிப் படையில் அவர் ஒரு பிரிவின் தலைவர். ஏப்ரல் 5ஆம் நாள் இரவில் சுல்தான்பேட்டைத் தோப்பு ஒன்றைத் தாக்குமாறு அவருக்குக் கட்டளை வந்தது. பகலில் அந்நிலத்தை அவர் பார்த்திருக்கவில்லை. இருட்டில் படை சிதறியது. சிலர் பகைவர் கையில் சிக்கினர். அவருக்கும் முழங்காலில் அடிபட்டது. மறுநாள் பகலில் அதே தோப்பு எளிதாகக் கைப்பற்றப்பட்டது. நிலத்தைப் பகலில் ஆராயாமல், வலுவாக நிலைகொண்ட பகைவரை இரவில் தாக்குவதில்லை என்று அவர் உறுதிபூண்டார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் வரிசையாக அமைத்த அதிகாரங்களை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்களுக்கு இச்சிறு தோல்வி பெரிய வெற்றிகளைவிடப் பயன்படும்.

சீரங்கப்பட்டணம் மே 4ஆம் நாள் வீழ்ந்தது. கோட்டைக்குள் புகுந்து கொள்ளையிட்ட வீரர்களைக் கசையடியாலும் தூக்குக் கயிற்றாலும் அடக்கியே அவர் நகரில் ஒழுங்கை மீட்டார். தொடர்ந்து மைசூர்ப் பகுதியில் அவர் செலுத்திய ஆட்சியில்தான், படையை நடத்துவது என்பது உண்மையில் சோற்றை நடத்துவது என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது. அரிசியும் மாடும் இருந்தால் ஆள் இருப்பர். ஆள் இருந்தால் பகைவரை வெல்லலாம் என்பது அவர் கணக்கு. மைசூர் அரசின் அமிர்தமகால் காளைகளின் நடையும் உழைப்பும் அவருக்கு மனப்பாடம். தானியம் சுமந்து நாடெங்கும் திரிந்த பஞ்சாரருடன் விலை பேசுவதைத் தளபதிக்கு இழுக்கெனக் கருதாதவர் அவர். அக்காலத்துக் கடிதங்களைப் படிப்போர் வீரமுழக்கத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவர். காளைகளின் எண்ணிக்கையும், லாடமும், மூட்டை அரிசியும், ஆற்றைக் கடக்கும் பரிசல்களுமே பக்கம் பக்கமாக வரும்.

அதே கடிதங்களில் மற்றொன்றும் உண்டு. 1800ஆம் ஆண்டில் தாமஸ் மன்றோவுக்கு எழுதியபோது, கம்பெனியின் நிலப்பரப்பும் செல்வாக்கும் அதன் வலிமையைவிட விரிந்துவிட்டன என்று அவர் கவலைப்பட்டார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது சிலையாக அமர்ந்திருக்கும் அதே மன்றோதான். அண்ணனோ நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்தார். தம்பி, விழுங்கியது செரிக்குமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். இதனை நாம் அறநெறி உணர்வாக மயங்கிவிடக் கூடாது. இந்திய மக்களின் உரிமை அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை. தாங்க முடியாத இடத்தைப் பிடிக்காதே என்ற படைத்துறை எச்சரிக்கை மட்டுமே அது.

எச்சரிக்கையாளர் துணிந்த நாளும் உண்டு. 1803 செப்டம்பர் 23ஆம் நாள் தக்காணத்தில் அசாயி என்னும் சிற்றூரின் அருகே, தம்மிடம் இருந்ததைப்போலப் பன்மடங்கு பெரிய மராத்தியப் படையை அவர் எதிர்பாராமல் நேருக்கு நேர் கண்டார். இடையே கைத்னா ஆறு. கடக்கத் துறை இல்லையென்று வழிகாட்டிகள் சாதித்தனர். ஆற்றின் இருகரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதை அவர் கண்டார். துறையில்லாமல் இப்படி இரண்டு ஊர் எதிரெதிரே எழாது என்று ஊகித்துப் படையை அங்கே செலுத்தினார், துறை இருந்தது. அன்று அவருடன் நின்றவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணப் படையின் சிப்பாய்கள். வெற்றி கிடைத்தது, ஆனால் 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். களத்தில் நின்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்பது அதன் பொருள். போர்த்தொழிலில் தாம் செய்தவற்றுள் மிகச் சிறந்தது எது என்று முதுமையில் ஒருவர் கேட்டபோது, வாட்டர்லூவைச் சொல்லாமல் அசாயி என்ற ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

ஊரைக் கண்டு துறையை ஊகித்த அக்கண்ணே அவருடைய தனிச்சிறப்பு. முதுமையில் நண்பர் குரோக்கருடன் பயணம் செய்கையில், அடுத்த மேட்டின் மறுபக்கம் நிலம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லி விளையாடுவாராம். மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதிலேயே என் வாழ்நாள் கழிந்தது என்று அவர் விளக்கம் சொன்னார். பிற்பகுதியில் நமக்கு இச்சொல் மீண்டும் தேவைப்படும்.

ஐரோப்பாவில் இந்நோக்கு முழுவடிவம் பெற்றது போர்த்துகல்லில். 1809இல் அவர் அங்குத் தலைமையேற்றபோது, பிரிட்டனிடம் இருந்த ஒரே பெரிய களப்படை அவர் கையில் இருந்தது. நெப்போலியன் ஒரு படையை இழந்தால் மற்றொன்றைத் திரட்டுவார். வெலிங்டனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே வீரர்களை அவர் கஞ்சனைப்போலச் செலவிட்டார். வீரர்களை மேட்டின் உச்சியில் நிறுத்தாமல் அதன் பின்சரிவில் படுக்கவைப்பார். பகைவரின் பீரங்கிக்குக் கண்ணில் படும் இலக்கு இராது. மூச்சிரைக்க மேடேறி வரும் பிரெஞ்சுப் படைக்குத் திடீரென்று எதிரே ஒரு வரிசை எழுந்து நிற்கும். 1810இல் புசாக்கோவில் நிகழ்ந்தது இதுவே, வாட்டர்லூவிலும் இதுவே.

இவை எல்லாவற்றிலும் பெரியது லிஸ்பன் நகருக்கு வடக்கே எழுந்த டோரஸ் வெட்ராஸ் அரண்வரிசை. 1809 அக்டோபரில் நிலத்தைச் சுற்றிப் பார்த்துப் பொறியாளருக்குக் கட்டளையிட்டார். குன்றுகளின் முகம் செதுக்கப்பட்டது, ஓடைகளுக்கு அணை எழுந்தது, 100க்கும் மேற்பட்ட சிறு கோட்டைகள் ஓசையின்றி உருவாயின. கட்டியவர்கள் ஆயிரக்கணக்கான போர்த்துகல் உழவர்கள். ஓராண்டு கழித்து மார்ஷல் மசேனா பெரும்படையுடன் வந்தபோது வெலிங்டன் புசாக்கோவில் அவரை ஒருமுறை அடித்துவிட்டு, வென்ற கையோடு பின்வாங்கத் தொடங்கினார். இலண்டனில் ஏளனம் எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து வந்த மசேனா அரண்வரிசையைக் கண்டு திகைத்து நின்றார். தாக்க வழியின்றி, உண்ண உணவின்றி, 1811 மார்ச்சில் ஸ்பெயினை நோக்கித் திரும்பினார். அப்படையெடுப்பில் அவர் இழந்தோர் 20,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியன்று, பசியும் நோயுமே. நம் புறத்திணை மரபில் கோட்டையை வளைத்தலாகிய உழிஞைக்கு எதிராக, அதனைக் காத்தலாகிய நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்துரைப்பர். வெலிங்டனை நொச்சி சூடியவர் என்று நாம் சொல்லலாம்.

அந்த அரணின் விலையை மறைத்தல் தகாது. பகைவருக்கு உணவு கிட்டலாகாது என்பதற்காக, அரண்வரிசைக்கு வெளியே இருந்த ஊர்மக்களைக் களஞ்சியங்களை அழித்துவிட்டு வெளியேறுமாறு பணித்தனர். வெளியேறியோரும், வெளியேறாமல் பிரெஞ்சுப் படையிடம் அகப்பட்டோருமாகப் பல்லாயிரம் போர்த்துகல் மக்கள் பட்டினியாலும் கொள்ளைநோயாலும் மடிந்தனர். பின்வாங்கல் ஒழுங்காக நடந்தது. அதன் சுமை யார் தோளில் ஏறியது என்பதை நாம் கேட்டாக வேண்டும். இந்தக் கேள்வி அவருடைய அரசியலிலும் திரும்ப வரும்.

வாட்டர்லூவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாடநூல்கள் அதனைச் செய்துவிட்டன. 1815 ஜூன் 18ஆம் நாள் அவர் நடத்திய ஏறத்தாழ 68,000 பேரில் பிரிட்டானியர் பாதிகூட இல்லை என்பதும், மாலையில் பிரஷ்யத் தளபதி புளூஷரின் படை வந்து சேராவிடில் அவர் நின்ற மேடு தாங்கியிராது என்பதும் மட்டும் நினைவில் இருத்தல் நலம். வெற்றி கண்டவர் இறந்தோர் பட்டியலைக் கேட்டு அழுதார். தோற்ற போருக்கு அடுத்தபடியாகத் துயரம் மிக்கது வென்ற போரே என்று அவர் கூறியது வாய்ப்பேச்சன்று. அடுத்த மூன்றாண்டுகள் பிரான்சில் தங்கிய நேசநாட்டுப் படைக்கு அவரே தலைவர். பிரான்சைத் துண்டாடிப் பழிதீர்க்க வேண்டும் என்று கூச்சலிட்டோரை எதிர்த்தார். இன்று பிடுங்கும் நிலத்துக்காக நாளை மீண்டும் போரிட வேண்டிவரும் என்பது அவர் வாதம். 1818இல் படை வெளியேறியது. அசாயிக்கு முன்பு மன்றோவுக்கு எழுதிய அதே கணக்கு, இப்போது ஐரோப்பாவின் அமைதிக்குப் பயன்பட்டது.

1828 ஜனவரியில் அவர் பிரதமரானார். முதல் அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது: அவர்களுக்குக் கட்டளையிட்டேன், அவர்களோ இருந்து விவாதிக்க விரும்பினர் என்று வியந்தாராம். கதை உண்மையோ அன்றோ, மனிதரைச் சரியாகவே காட்டுகிறது.

அவ்வாண்டு ஜூலையில் அயர்லாந்தின் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் டானியல் ஓ'கானல் வென்றார். அவர் கத்தோலிக்கர். நாடாளுமன்றத்தில் அமரவேண்டுமானால் எடுக்கவேண்டிய உறுதிமொழி கத்தோலிக்க நம்பிக்கையை மறுப்பதாக அமைந்திருந்தது. ஆகவே வென்றும் அவர் உள்ளே நுழைய இயலாது. அயர்லாந்தின் மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஓ'கானலின் பின்னால் ஊர்தோறும் திரண்ட கூட்டம் கட்டுப்பாட்டோடு நின்றது; குடித்துக் கலகம் செய்யவில்லை. இதுதான் வெலிங்டனைச் சிந்திக்க வைத்தது. ஒழுங்கில்லாத கூட்டத்தை அவர் அஞ்சியதில்லை. ஒழுங்குள்ள கூட்டம் என்றால் அது படை; படையின் வலிமையை மதிப்பிட அவருக்குத் தெரியும்.

தம் கட்சி எதிர்த்தது. மன்னர் நான்காம் ஜார்ஜ் அழுதார், மறுத்தார், ஒருநாள் அமைச்சரவையையே விலக்கிப் பின் திரும்ப அழைத்தார். ஒரு பிரபு வெலிங்டனை மறைமுகமாகப் போப்பின் ஆட்சியைப் புகுத்துபவர் என்று செய்தித்தாளில் இழித்துரைக்க, 1829 மார்ச் 21ஆம் நாள் விடிகாலையில் பட்டர்சீ வயல்வெளியில் பதவியில் இருந்த பிரதமரே துப்பாக்கியோடு இருவர் போருக்குச் சென்றார். இருவரும் ஒருவரையொருவர் சுடாமல் குறிதவறச் சுட்டு மானத்தைக் காத்துக்கொண்டனர். இந்நிகழ்ச்சியின் வேடிக்கையில் நாம் மயங்கி நிற்க வேண்டியதில்லை. பிரபுக்கள் சபையில் அவர் ஆற்றிய உரையே முதன்மையானது. பெரும்பாலோரைவிடப் போரில் அதிக காலம் கழித்தவன் நான். என் நாட்டில் ஒரே ஒரு மாத உள்நாட்டுப் போரைத் தவிர்க்க முடியுமானால் என் உயிரையும் கொடுப்பேன் என்ற கருத்தை அவர் அங்கே மொழிந்தார். தம்முடைய படைகளில் ஐரிஷ் கத்தோலிக்கர் எத்தனை பேர் நின்று மடிந்தனர் என்பதை அறிந்த வாய் அது. ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. வேறு எந்தப் பிரதமரும் அவ்வாண்டில் பிரபுக்களை இணங்க வைத்திருக்க முடியாது என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

ஆனால் அதே சமயத்தில் மற்றொரு சட்டமும் வந்தது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் 40 ஷில்லிங் ஆண்டு மதிப்புள்ள நிலம் உடையோர்க்கு இருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டு, தகுதி 10 பவுனாக உயர்த்தப்பட்டது. ஓ'கானலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தச் சிறு குடியானவர்களே. நாடாளுமன்றக் கதவு கத்தோலிக்கச் செல்வர்க்குத் திறந்தது. அதனைத் தட்டித் திறந்த ஏழைகளின் கையிலிருந்து வாக்கு நழுவியது. டோரஸ் வெட்ராஸின் வெளியே நின்ற உழவர்களை இங்கே நாம் மீண்டும் காண்கிறோம். உரிமையை அவர் உரிமையாக வழங்கவில்லை. தாங்க முடியாத நிலத்தைக் கைவிடுவதுபோல விட்டுக்கொடுத்தார், பின்னணிப் படையை நிறுத்தி இழப்பைக் குறைத்தபடியே.

அடுத்த சோதனையில் அவர் தவறினார். 1830இல் இங்கிலாந்தின் தேர்தல் முறை, இன்று படிக்கும் மாணவர்க்கு நம்ப அரிதாக இருக்கும். மக்கள் குடியிருப்பே இல்லாமற்போன ஓல்டு சேரம் என்னும் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். ஆலைப்புகை சூழ வளர்ந்த மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் நகரங்களுக்கு ஒருவர்கூட இல்லை. அவ்வாண்டு ஜூலையில் பாரிசில் புரட்சி வெடித்தது. இங்கிலாந்தின் தெற்கு மாவட்டங்களில் வேளாண் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். செப்டம்பர் 15ஆம் நாள் லிவர்பூல் மான்செஸ்டர் இருப்புப்பாதைத் திறப்பு விழாவுக்குப் பிரதமர் சென்றார். வழியில் அமைச்சராய் இருந்த ஹஸ்கிசன் இரயிலில் அடிபட்டு மாண்டார். அத்துயரத்தோடு வண்டி மான்செஸ்டரை அடைந்தபோது அங்கே காத்திருந்த கூட்டத்தில் வாழ்த்தொலியைவிட வசையொலி மிகுந்திருந்தது. வெலிங்டன் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

ஆற்றங்கரையில் இரண்டு ஊர்களைக் கண்டு மறைந்திருந்த துறையை அறிந்தவர், இங்கே ஒரு முழு நகரத்தையே எதிரில் கண்டார். அதன் பொருளை ஊகிக்கவில்லை. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 2ஆம் நாள், பிரபுக்கள் சபையில் கிரே பிரபு சீர்திருத்தம் பற்றிக் கேட்டபோது, இப்போதுள்ள முறையைவிடச் சிறந்ததொரு சட்டமன்றத்தைத் தம்மால் கற்பனை செய்யவும் இயலாது என்றும், தாம் பதவியில் இருக்கும்வரை எச்சீர்திருத்தத்தையும் எதிர்ப்பதே தம் கடமை என்றும் கூறி அமர்ந்தார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. நான் மிகையாக ஒன்றும் பேசிவிடவில்லையே என்று அருகிலிருந்த அபர்டீன் பிரபுவைக் கேட்டாராம். இரண்டு வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. கத்தோலிக்கர்க்கு இணங்கியதை மன்னிக்காத அவருடைய கட்சியினர் சிலரும் எதிராக வாக்களித்தனர்.

ஏன் இந்த வேறுபாடு? 1829இல் கண்ட கண் 1830இல் ஏன் மூடியது? அறிஞர் பலர் அவருடைய பிரபுகுலப் பிடிவாதத்தைக் காரணம் காட்டுவர். அது ஓரளவே பொருந்தும். பிடிவாதம் அயர்லாந்துச் சிக்கலிலும் இருந்ததே. நாம் வேறு காரணம் காண்கிறோம். அயர்லாந்தில் எதிரே நின்றது தலைவனும் அணியும் கட்டுப்பாடும் உடைய ஒரு சக்தி. அது படையின் வடிவில் இருந்தமையால் அவருக்குப் புலப்பட்டது. இங்கிலாந்தில் நின்றதோ கடைக்காரர், ஆலை முதலாளி, கைவினைஞர், செய்தித்தாள் படிப்பவர் எனச் சிதறிக் கிடந்த கருத்து. கருத்துக்கு அணிவகுப்பு இல்லை. தானியக் கணக்கிலும் அது வராது. கலகக்காரர் என்ற ஒரே சொல்லில் அனைவரையும் அடக்கிவிட்டு, எதிரில் யாருமில்லை என்று அவர் முடிவு செய்தார். அவ்வளவுக்கு மேலாக, பதவியில் இருக்கும்வரை எதிர்ப்பேன் என்று அறிவித்ததன்மூலம், தாம் பின்வாங்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார். போர்க்களத்தில் ஒருநாளும் அவர் செய்யாத பிழை இது.

அதன் பின் விளைந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1831 ஏப்ரலில் அவருடைய மாளிகையின் கண்ணாடிச் சாளரங்களைக் கூட்டத்தினர் கல்லெறிந்து உடைத்தனர். உள்ளே சில நாள்முன் இறந்த மனைவியின் உடல் கிடந்தது. அக்டோபரில் மீண்டும் கல் விழுந்தது. சாளரங்களுக்கு இரும்புக் கதவு பூட்டப்பட்டது. 1832 மே மாதத்தில் மன்னர் வேண்ட, ஆட்சியமைக்க அவர் முயன்றார். கோமகனைத் தடுக்க வங்கியிலிருந்து பொன்னை எடுங்கள் என்ற முழக்கம் சுவரெங்கும் தோன்றியது. மக்கள் வரிசையில் நின்று பணத்தாளைக் கொடுத்துப் பொன்னைப் பெற்றனர். ஒருசில நாளில் முயற்சி கைவிடப்பட்டது. கருத்துக்கும் ஓர் அணிவகுப்பு உண்டு என்பதை அவர் அப்போதுதான் கண்டார். கண்டபின் தயங்கவில்லை. தம்மைப் பின்பற்றிய பிரபுக்களோடு சபையிலிருந்து விலகி நின்றார்; ஜூனில் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே அது வாக்குத் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மாதம் 18ஆம் நாள், வாட்டர்லூ வெற்றியின் ஆண்டு நாளில், இலண்டன் தெருவில் ஒரு கூட்டம் அவரைக் குதிரையோடு துரத்தியது.

1846இல் தானியச் சட்டங்களை நீக்கும் வேளையில் அவர் முதிர்ந்திருந்தார். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரிவிதித்து நிலப்பிரபுக்களைக் காத்த அச்சட்டங்கள் நல்லவையே என்று அவர் நம்பினார். நம்பியபடியே, பிரதமர் ராபர்ட் பீலுக்காக அவற்றை நீக்கப் பிரபுக்களை இணங்க வைத்தார். அரசியின் ஆட்சி நடந்தாக வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். அரசியும் காமன்ஸ் சபையும் ஒருபுறம் நிற்கையில், பிரபுக்கள் தனித்து நின்று எதையும் தடுக்க இயலாது என்று அவர்களிடமே எடுத்துரைத்தார். 1830இல் அவர் பேசாத பேச்சு இது.

இரண்டாண்டு கழித்து 1848 ஏப்ரல் 10ஆம் நாள், ஆடவர் எல்லோர்க்கும் வாக்குரிமை கேட்டுச் சார்ட்டிஸ்டுகள் கென்னிங்டன் திடலில் திரண்டபோது, இலண்டனைக் காக்கும் பொறுப்பு 78 வயதுத் தலைமைத் தளபதியிடம் வந்தது. அவர் ஆயிரக்கணக்கான வீரர்களை நகருக்குள் கொணர்ந்தார். ஆனால் ஒருவரையும் தெருவில் நிறுத்தவில்லை. கட்டடங்களுக்குள்ளும் முற்றங்களிலும் மறைத்துவைத்தார். கண்ணில் பட்டது காவலர் மட்டுமே. புசாக்கோவின் பின்சரிவை நகரத்துக்குப் பெயர்த்தெடுத்தாற்போன்ற அந்த ஏற்பாட்டால், அன்று ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. மனு நாடாளுமன்றம் சென்றது. அதன் கோரிக்கை புறக்கணிக்கப்பட்டது.

அரசியலில் காலம் தாழ்த்தியேனும் பின்வாங்கக் கற்றவர், தமக்கு உரிய துறையாகிய படையில் இறுதிவரை இடம்பெயரவில்லை என்பது விந்தை. அதிகாரி பதவிகளை விலைகொடுத்து வாங்கும் முறை, வீரர்க்குக் கசையடி, பல துறைகளுக்கிடையே சிதறிக் கிடந்த படை நிர்வாகம் ஆகியவற்றை மாற்ற முயன்றோர்க்கெல்லாம் அவர் பெயரே தடையாயிற்று. 1852 செப்டம்பர் 14ஆம் நாள் வால்மர் கோட்டையில் அவர் இறந்தார். நவம்பரில் இலண்டன் தெருக்களில் பெருந்திரள் நிற்க, செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு காலத்தில் கல்லெறிந்த நகரம் அன்று தொப்பியைக் கழற்றி நின்றது.

இரண்டாண்டுக்குள் கிரீமியப் போர் மூண்டது. படைத்தலைவர் ராக்லன் பிரபு, வாட்டர்லூவில் வலக்கையை இழந்தவர். பல்லாண்டு வெலிங்டனின் செயலாளராக இருந்தவர். வெலிங்டன் காலத்து வண்டிப்படை 1833இலேயே செலவைக் குறைக்கும் பொருட்டுக் கலைக்கப்பட்டிருந்தது. 1854 குளிர்காலத்தில் பாலக்லாவா துறைமுகத்தில் உணவும் உடுப்பும் வந்திறங்கிக் கிடக்க, ஒருசில கல் தொலைவில் செவாஸ்டபோல் நகரின் எதிரே குழிகளில் கிடந்த வீரர்கள் பசியாலும் குளிராலும் மாண்டனர். துறைமுகத்திலிருந்து மேடேறிச் செல்லும் பாதை சேறாகிவிட்டது. சுமை இழுக்கப் போதிய விலங்குகள் இல்லை. மைசூரில் காளைகளை எண்ணிக்கொண்டிருந்த கர்னலின் கடிதங்கள் அதற்குள் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறி, இலண்டனில் நூலகங்களின் அடுக்கில் இருந்தன.